யார் அடிக்கப் போறாங்கன்னு கேட்டீங்களா?

எங்க மைனியை, அதான் அண்ணன் பொண்டாட்டியை, அவங்க வேலை பாக்க ஆபீஸ்ல வெச்சு எடுத்து, கிண்டல் பண்ணி நெட்ல போட்ட அந்த போட்டோவைப் பாத்தவங்களுக்கு விவரம் தெரியும், பாக்காதவங்க தயவுசெஞ்சு தேடிப் போக வேண்டாம். பேசாம இருந்துரலாம்னு தான் நெனச்சேன். அண்ணன் கூட "விடுல, மறந்துருவாங்க"ன்னான். ஆனா இன்னைக்குக் காலைல நம்ம ஆளுங்களே, கல்யாண வீட்ல பக்கத்து இலைல உக்காந்து சாப்பிட்ட ஆளுங்களே, அதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மை போட்டிருக்கதைப் பாத்த பெறவு மனசு கேக்கல. அதுல முதுகு காட்டி நிக்கது எங்க மைனி. புதுசா வந்த வெள்ளைக் கலர் வயர்லெஸ் கீபோர்டை ஓரமாத் தள்ளி வெச்சுட்டு, ஸ்டோர் ரூம்ல கெடந்த பழைய கறுப்பு கீபோர்டைத் தொடச்சு எடுத்து சொருகினாங்க, அவ்வளவு தான் அவங்க செஞ்சது. அதுக்கு "சில பேரை எந்தக் காலத்துலயும் மாத்த முடியாது"ன்னு மேல ஒரு வரி வேற.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு தான். கீபோர்டு வாங்கணும்னா அதுல அடிக்கப் போற ஆளைக் கேட்டு வாங்குங்க. வயர் இருக்கா இல்லையா, வெள்ளையா கறுப்பா, ஆஃபர்ல மவுஸ் சேத்து வருதா, இதெல்லாம் பெறவு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் யாரோட விரலு அதுல கெடக்கப் போவுதோ அந்த ஆளு மொதல்ல தொட்டுப் பாக்கணும்.

எனக்கு வேலையே சிஸ்டம் சர்வீஸ் தான். திருநெல்வேலி வண்ணார்பேட்டைலயும் பாளையங்கோட்டைலயும் பல ஆபீஸ் டேபிளுக்கு அடில படுத்து எந்திரிச்சவன் நான். "தம்பி, டெஸ்க்டாப்புக்கு நல்ல வயர்லெஸ் கீபோர்டு ஒண்ணு சொல்லேன்"னு கேக்காதவங்களே கெடையாது. நான் திருப்பிக் கேப்பேன், யாரு அடிப்பாங்க, என்ன அடிப்பாங்கன்னு. அதுக்கு மொகம் சுளிப்பாங்க. பேரைச் சொல்லுன்னா இவன் என்ன கேள்வி கேக்கான்னு. கேக்காம எப்படிங்க சொல்ல முடியும்? டேலி சாஃப்ட்வேர்ல கணக்கு போடுத ஆளுக்கு ஒண்ணு, தமிழ் அடிக்கிற ஆளுக்கு ஒண்ணு, கேம் ஆடுத பையனுக்கு ஒண்ணு.

மைனி அடிக்கது தமிழ்99. சென்னைல 1999ல நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பெறவு அரசாங்கமே ஏத்துக்கிட்ட விசைப்பலகை. அதுல உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. பதினெட்டு மெய்க்கு அந்தப் பக்கம் இடம் பத்தாதுல்லா, அதனால இங்கிலீஷ்காரன் நிறுத்தற்குறிக்கு வெச்சிருக்க கீயில எல்லாம் நம்ம எழுத்து உக்காந்திருக்கு. அரைப்புள்ளி கீ தான் ந. அதுக்கு அடுத்தது, மேற்கோள் போடுத கீ, ய. சதுர அடைப்புக்குறி ரெண்டும் ச, ஞ. சாய்கோடு கீ தான் ழ. தமிழ்னு அடிக்கணும்னாலே அந்தச் சாய்கோடு வேணும், திருநெல்வேலின்னு அடிக்கணும்னா அந்த அரைப்புள்ளி வேணும். இப்போ அழகா இருக்குன்னு வாங்குத சின்ன சைஸ் கீபோர்டுல எடத்தை மிச்சம் பிடிக்க எதைச் சுருக்குதாங்க தெரியுமா, இந்த வலது ஓரத்தைத் தான். ஏன்னா இங்கிலீஷ் அடிக்கிறவனுக்கு அது எப்பவாவது தான் வேணும். ஷிஃப்ட் கீயை வெட்டி, சாய்கோட்டுக்கு ஒட்டினாப்ல மேல் அம்புக்குறியைக் கொண்டு வந்து வெச்சிருப்பாங்க. ழ அடிக்கப் போற விரலு அம்புக்குறில விழும், கர்சர் மேல் வரிக்கு ஓடிரும், அடுத்த வார்த்தை பூரா அங்க போய் விழும். அந்த ஆபீஸ்ல வாங்கினது அந்த ரகம் தான். நெட்ல இருக்க இங்கிலீஷ் ரிவ்யூ நூறு படிச்சாலும் இந்த விஷயம் அதுல இருக்காது, அவனுக்கு எதுக்கு ழ? மைனியைக் கேட்டிருந்தா நின்ன வாக்குலயே சொல்லிருப்பாங்க. கேக்கல.

மாத்த முடியாத ஆளுன்னு எழுதினீங்கள்ல, அதுக்கு வாரேன். மைனி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல இரும்பு மிஷின்ல படிச்சவங்க, தமிழும் இங்கிலீஷும் ரெண்டுலயும் லோயர், ஹையர் பாஸ். அது பழைய டைப்ரைட்டர் முறை, எழுத்து இருக்க எடமே வேற. பெறவு கம்ப்யூட்டர் வந்துச்சு, ஆளுக்கொரு ஃபாண்ட் வந்துச்சு, அதுக்கும் பெறவு எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற யூனிகோடு வந்து தமிழ்99ல தான் அடிக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வருசக்கணக்கா பழகின விரலை அப்படியே அழிச்சுட்டு மொதல்ல இருந்து பழகினாங்க. அடுப்படி சுவத்துல அட்டையில எழுத்து வரைஞ்சு ஒட்டி வெச்சுக்கிட்டு, சோறு வடியுத நேரத்துல மேடைல விரலைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன். "தம்பி, ககர வரிசை வந்துட்டு, இந்த ஞ தான் எங்க இருக்குன்னு மறந்து மறந்து போவுது"ன்னு சிரிப்பாங்க. இவங்களையா மாற மாட்டாங்கன்னு சொல்லுதீங்க? அந்த போட்டோவுக்குக் கீழ சிரிச்சவங்கள்ல ஒரு எழுத்தோட எடத்தையாவது மாத்திப் பழகின ஆளு யாரு இருக்கா? போன்ல அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சு அதுவா தமிழ் ஆகுறதை வெச்சுக்கிட்டு நீங்க எங்க மைனியைப் பழைய காலத்து ஆளுங்கீங்க.

அடுத்து, வயர் அசிங்கமா தொங்குதுன்னு ஒரு அண்ணாச்சி எழுதிருந்தாவ. டெஸ்க்டாப்புங்க இது. மானிட்டருக்கு ரெண்டு வயர், சிபியுவுக்கு ஒண்ணு, யுபிஎஸ், பிரிண்டர், நெட் வயர், எல்லாம் அங்க தான் கெடக்கு. அத்தனையும் விட்டுட்டு கீபோர்டு வயரு தான் கண்ணை உறுத்துதா? வயரை எடுத்தா வேற பிரச்சனை வரும், அதையும் சொல்லிருதேன். கீபோர்டோட சிக்னலை வாங்குத அந்தக் குட்டி டாங்கிளை சிபியுக்குப் பின்னால, நீலக் கலர் யுஎஸ்பி ஓட்டைல குத்தி, அந்த சிபியுவை இரும்பு டேபிளுக்கு அடில தள்ளி வெச்சிருந்தாங்க. டாங்கிள் வேலை செய்யுறது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல, வைஃபையும் அதே அலைவரிசைல தான் ஓடுது, போதாக்குறைக்கு அந்த நீலக் கலர் யுஎஸ்பி 3.0 போர்ட்டே அந்த அலைவரிசைல இரைச்சல் கிளப்பும்னு இன்டெல் கம்பெனி 2012லயே ஆராய்ச்சிக் குறிப்பு போட்டிருக்கு. விளைவு என்னன்னா சில எழுத்து போய்ச் சேராது. தமிழ்99ல ட ரெண்டு தடவை அமுக்கினா அதுவே புள்ளி வெச்சு ட்ட ஆயிரும், ஒரு ட போய்ச் சேரலேன்னா பட்டாங்கிறது படான்னு நிக்கும். நெலத்துக்காரன் மனுல படான்னு இருந்தா யாருக்கு ஏச்சு விழும்? வாங்கினவருக்கா? அடிச்சவங்களுக்குத் தான்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை டேபிள் மேல கொண்டு வந்து வெச்சா பெரும்பாலும் சரியாயிரும், இல்லேன்னா முன்னால இருக்க 2.0 போர்ட்ல குத்தணும். நான் நேர்ல போய்ச் சொன்னேன். "வயர் வேண்டாம்னு தானப்பா வயர்லெஸ் வாங்கினோம், திரும்ப வயரா"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச?

சரி, நீ வயர்லெஸ்ஸுக்கே எதிரியான்னு கேக்காதீங்க, அதுவும் வரும்னு தெரியும். நயினார்குளம் மார்க்கெட் மண்டில ஒரு கணக்கு அண்ணாச்சி இருக்காவ, இடது கையால பில்லைப் பொரட்டிக்கிட்டே வலது கையால நம்பர் பேடைப் பாக்காமலே தட்டுவாவ, பாக்க அவ்வளவு நல்லாருக்கும். மொதலாளி மகன் ஆசையா ஒரு வயர்லெஸ் வாங்கிட்டு வந்தான், நம்பர் பேடு கெடையாது. மேல் வரிசை கீ எல்லாம் சத்தம் கூட்ட, வெளிச்சம் கொறைக்கன்னு செட் ஆகி இருந்துச்சு. டேலில எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், நாள் பூரா இது தான் அவுக பொழப்பு. எஃப்8 அமுக்கினா சேல்ஸ் வவுச்சர் வரணும், பாட்டு ஓட ஆரம்பிச்சுட்டு. மேல் வரிசையை நான் லாக் போட்டுச் சரி பண்ணிக் குடுத்துட்டேன், இல்லாத நம்பர் பேடுக்கு எங்க போக? ஆனா அந்தப் பையன் போட்டோ எடுத்துப் போடல. மறுநாளே அண்ணாச்சியை வண்டில ஏத்திக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான், அவுக தட்டிப் பாத்து முழு சைஸ்ல ஒண்ணு எடுத்தாவ, அதுவும் வயர்லெஸ் தான், இன்னைக்கும் ஓடுது. ஆக வயரு இல்லைங்கிறது குத்தம் இல்ல. கேக்காம வாங்கினது தான் குத்தம்.

டிவில கம்ப்யூட்டரை மாட்டிருக்கீங்களா, பள்ளிக்கூடத்துல பெரிய ஸ்கிரீனுக்கு தூரத்துல நின்னு அடிக்கணுமா, வயர்லெஸ் வாங்குங்க, நானே சொல்லுவேன். டெஸ்க்டாப்புக்கு வெறும் புளூடூத் மட்டும் இருக்கது எடுக்காதீங்க, நெறைய அசெம்பிள் சிஸ்டத்துல புளூடூத்தே இருக்காது, இருந்தாலும் விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னால பயாஸ்க்குள்ள, அதான் சிஸ்டத்தோட அடிப்படை செட்டிங்குக்குள்ள, போக டெலிட் கீயை அமுக்கினா அதுக்குப் பெரும்பாலும் தெரியாது. டாங்கிள் வெச்சது சாதாரண யுஎஸ்பி கீபோர்டு மாதிரியே தெரியும். லைட்டு எரியுற சார்ஜ் மாடல் ஆபீஸுக்கு வேண்டாம், லைட்டு தான் சார்ஜைக் குடிக்கும், டிரிபிள் ஏ பேட்டரி போடுத சாதா மாடல் ஒரு வருசம் கூட ஓடும். கீ எவ்வளவு ஆழம் எறங்குதுன்னு அமுக்கிப் பாருங்க, ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் வெச்ச மெக்கானிக்கல் கீபோர்டுல சாதாரணமா 4 மில்லிமீட்டர் எறங்கும், சிலிம் மாடல்ல அதுல பாதி கூட இருக்காது. இரும்பு மிஷின்ல பழகின கைக்கு அந்தத் தட்டை கீபோர்டு விரல் நுனில வலியா தான் வந்து சேரும். எஃப், ஜே கீயில இருக்க சின்ன மேட்டைத் தடவிப் பாருங்க, தமிழ்99ல எஃப் தான் புள்ளி, விரலுக்கு அந்த மேடு தட்டுப்படலேன்னா வரி பூரா தப்பா போவும்.

ஆதார் நம்பரும் பேங்க் கணக்கு நம்பரும் அடிக்கிற எடத்துல இன்னொண்ணும் இருக்கு. 2016ல பாஸ்டில்னு ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சிக் கம்பெனி, மலிவான வயர்லெஸ் கீபோர்டு பலது அடிக்கிற எழுத்தைப் பூட்டு போடாம அப்படியே காத்துல அனுப்புதுன்னு காட்டுச்சு, 250 அடி தள்ளி இருந்து எடுக்கலாம்னாங்க. அட்டைப் பெட்டில என்கிரிப்ஷன்னு, அதான் அந்தப் பூட்டு, போட்டிருக்கான்னு பாக்க எவ்வளவு நேரம் ஆவும்? அதுவும் பாக்கல. விலையும் கலரும் தான் பாத்திருக்காங்க.

"தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா"ன்னு ஒருத்தர் எழுதினதை என்னால தாங்க முடியல. யாருக்கு யாருங்க தானம் குடுத்தது? மைனி கேட்டாங்களா? அது அவங்க வேலை செய்யுற சாமான். தையக்காரர் கத்திரியை அவரு தான் பாத்து வாங்குவாரு, மொதலாளி வாங்கிக் குடுத்துட்டு வெட்டுன்னு சொல்ல முடியுமா? அதே ஆபீஸ்ல மேலதிகாரிக்கு நாற்காலி வாங்கும்போது அவரு நேர்ல போய் உக்காந்து, சாஞ்சு, கை வெச்சுப் பாத்துத் தான் எடுத்தாரு. அதுல நான் தப்பே சொல்லல, அப்படித் தான் எடுக்கணும். அதே நியாயம் நாள் பூரா அடிக்கிற பொம்பளைக்கு ஏன் இல்ல? அவங்க கையும் கை தான. மணிக்கட்டுல துணி சுத்திக்கிட்டு ராத்திரி தோசை சுடுத கை அது.

இன்னொரு விஷயம், சொல்ல வேண்டாம்னு தான் இருந்தேன். சிரிச்சவங்கள்ல சில பேரு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னவங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்கணும்னு ஞாயித்துக்கெழம ராத்திரி வருவீங்க, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்னு வருவீங்க, மைனி ஒரு பைசா வாங்காம, எழுத்துப் பிழை இல்லாம அடிச்சுக் குடுத்திருக்காங்க. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கதும் ஒரு வயர் தொங்குற கறுப்பு கீபோர்டு தான், அன்னைக்கு உங்களுக்கு அது அசிங்கமாத் தெரியல.

"ஒரு கீபோர்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா"ன்னு கேக்கவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. நாள் பூரா அதுல கை வெச்சுப் பாருங்க, பெறவு பேசுவோம். "அவங்களே ஏன் அப்பவே சொல்லல"ன்னு கேட்டவருக்கு மட்டும் சொல்லுதேன், சொன்னாங்க, பெட்டி பிரிச்ச அன்னைக்கே சொன்னாங்க, பழகிரும்னு சொல்லிட்டாங்க.

மைனி இந்தப் பதிவைப் படிச்சா என்னைத் தான் ஏசுவாங்க, எதுக்குத் தம்பி வம்புன்னு. ஏசட்டும்.

இன்பாக்ஸ்ல மாடல் பேரு கேட்டிருக்கவங்களுக்கு: அடிக்கப் போற ஆளைக் கூட்டிட்டு வாங்க, கடைக்கு நானும் கூட வாரேன், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. அவங்க வராம நான் பேரு சொல்ல மாட்டேன்.