ஓட்டிப் பார்த்த சாலையில் ஒரு திருப்பம்கூட இல்லை

பின்சக்கரங்களால் உந்தப்படும் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்ட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசையைப் பற்றி இப்போதும் எனக்கு வருத்தம் இல்லை. என் ஆத்திரமெல்லாம், திருப்பங்களில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்யும் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று வெல்டிங் செய்து பற்றவைக்கப்பட்டிருந்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அந்தக் காரை என்னிடம் விற்ற மனிதரின் மீதுதான். என்ஜினைப் பற்றிக் கேட்டேன், விளக்கமாகச் சொன்னார். கிளட்ச் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டேன், அதற்கும் பதில் இருந்தது. துரு எங்கெல்லாம் பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, தாமே தரையில் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர் என்பதால்தான் நான் நம்பினேன்; அந்த நம்பிக்கையைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

இது ஏதோ சிறிய குறை என்றும், கொஞ்சம் டயர் தேயும் அவ்வளவுதான் என்றும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் இருந்தால், 90 பாகை திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 2.36 மீட்டர். சாதாரணக் கார் டயர் ஒன்றின் சுற்றளவு 2 மீட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால், ஒரே ஒரு தெருமுனையில் திரும்புவதற்குள் ஒரு சக்கரம் மற்றொன்றைவிட ஒரு முழுச் சுற்றுக்கும் மேலாகச் சுற்றியாக வேண்டும். நடுவில் இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் இந்த வித்தியாசத்தை ஓசையில்லாமல் விழுங்கிக்கொள்வதற்காகவே டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு இருக்கிறது. அவற்றைப் பற்றவைத்து ஒரே கட்டியாக்கிவிட்டால், அந்த 2.36 மீட்டரையும் டயர் ரப்பர்தான் தரையில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அகலமாகத் திரும்பினாலும் குறுகலாகத் திரும்பினாலும் மொத்த வித்தியாசம் மாறுவதில்லை. குறுகலாகத் திரும்பும்போது அது சில மீட்டர் தூரத்துக்குள் திணிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வாகனம் நிறுத்தும் இடத்தில் மெல்லத் திருப்பும்போது இந்தக் கார் அதிர்ந்து, துள்ளி, டயர்கள் கீச்சிடுவதற்குக் காரணம் இதுதான்.

இதை அறிந்தவர் என்பதால்தான் விற்றவர் அவ்வளவு கவனமாக ஏற்பாடு செய்திருந்தார் என்று இப்போது புரிகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது கார் ஏற்கெனவே வெளியே, சாலையைப் பார்த்தபடி, என்ஜின் சூடாக நின்றிருந்தது. முதலில் அவரே ஓட்டினார். பிறகு ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுத்தபோது எங்கள் முன்னால் இருந்தது நெடிய, நேரான சாலை. திரும்பி வருவதற்கு அகன்ற சந்திப்பு ஒன்று வந்ததும், போக்குவரத்து அதிகம், நான் ஓட்டுகிறேன் என்று இடம் மாறிக்கொண்டார். அவர் வேகத்தைக் குறைக்காமல், பெரிய வட்டமாக வளைத்துக் கொண்டுவந்தார்; பாட்டை ஓட விட்டுக்கொண்டு, அதன் சத்தத்தில் பேசிக்கொண்டே வந்தார். பின் டயர்கள் இரண்டும் புத்தம் புதியவையாக இருந்தன. விற்கும் நேரத்தில்கூடப் புது டயர் போட்டுத் தருகிறாரே என்று மனத்துக்குள் அவரை மெச்சினேன். பழைய டயர்களைப் பார்த்திருந்தால் நொடியில் தெரிந்திருக்கும் என்பதால் அவை மாற்றப்பட்டிருந்தன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வாங்கிய அன்று மாலையே, குறுகிய இடத்தில் நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்தபோது, பின்பக்கத்தில் யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்டது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பேரிங்காக இருக்கலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார், மாற்றினேன். ஓசை போகவில்லை. பிறகு மழை பெய்த ஓர் இரவில், மிகச் சாதாரண வேகத்தில் ஒரு வளைவில் திருப்பினேன். முன்சக்கரங்கள் திரும்பியிருந்தும் கார் நேராகவே போனது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்போது காரை நேராகத் தள்ளவே முயலும். ஈரத்தில் முன் டயர்களுக்கு அந்தத் தள்ளலை மீறும் பிடிப்பு இருக்காது. பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். உடனே பின்பக்கம் இரண்டு சக்கரங்களோடும் ஒன்றாக வழுக்கி வெளியே வீசியது. எதிரே வண்டி எதுவும் வராததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்தில் அமர்ந்திருந்த என் மகள் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்குப் பிறகு விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், அது எல்.எஸ்.டி. சார், எல்லாரும் விரும்பி வாங்குவது என்கிறார். இந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்.எஸ்.டி., அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்பது இரண்டு சக்கரங்களின் வேக வித்தியாசத்தை ஓர் அளவுக்குக் கட்டுப்படுத்தும் பொறி. திருப்பத்தில் தேவையான வித்தியாசத்தை அது அனுமதிக்கும். பற்றவைத்தது எதையும் அனுமதிக்காது. ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைப்பதற்கு அறியாமை காரணமாக இருக்க முடியாது. நான் அழுத்திக் கேட்ட பிறகு, நீங்கள் டிஃபரன்ஷியலைப் பற்றிக் கேட்கவே இல்லையே என்றார். கேட்காததால் சொல்லவில்லையாம்! பிரேக் இருக்கிறதா என்றுகூடத்தான் நான் கேட்கவில்லை.

இப்படிப் பற்றவைத்துக்கொண்டு, காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் விளையாட்டுக்காரர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் திருப்பத்தில் சுமை குறைந்த உட்பக்கச் சக்கரம் வெறுமனே சுழன்று சக்தியை வீணாக்கும். இரண்டும் ஒன்றாகச் சுற்றினால்தான் காரைச் சீராக வழுக்க வைக்க முடியும். அதற்குப் பற்றவைப்பதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. பிஎம்டபிள்யூ ஈ36, நிசான் சில்வியா போன்ற கார்கள் இந்த விளையாட்டில் இவ்வளவு புழங்குவதற்கு, அவை பின்சக்கர இயக்கம் கொண்டவை என்பது முக்கியமான காரணம். மூடிய மைதானத்தில், தெரிந்தே ஓட்டுபவர்களுக்கு அது பொருத்தமான கருவி. ஆனால் மைதானத்தில் ஓடித் தேய்ந்த காரை, இருக்கைகளைத் துடைத்து, புது டயர் மாட்டி, குடும்பத்தோடு சாலையில் போகப்போகிறவரிடம் வாய்திறக்காமல் விற்பது வேறு விஷயம். பிரேக் போடும்போதுகூட இரண்டு பின்சக்கரங்களும் பிணைக்கப்பட்டே இருப்பதால், சக்கரங்கள் இறுகி வழுக்காமல் தடுக்க வேண்டிய ஏபிஎஸ் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போகலாம். வண்டியில் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நான், என்ன மாற்றம் என்றே அறியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. இது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது அல்ல. இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடப்பது. சோதிக்கும் முறை எளிதுதான்: முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால், ஒருவர் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள மற்றதைப் பலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிளட்ச் வகை எல்.எஸ்.டி. அழுத்தத்துக்கு வழிவிடும், பற்றவைத்தது கொஞ்சம் ஆடும், பிறகு மலைபோல் நிற்கும். இவ்வளவையும் அந்நியர் ஒருவரின் வாசலில், அவருடைய காரைத் தூக்கிச் செய்ய எத்தனை பேருக்கு அனுமதி கிடைக்கும்? ஜாக்கி இல்லாதவர்கள் காய்ந்த தரையில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் போட்டாலே போதும். அந்த ஒரு வட்டத்தைத்தான் விற்றவர் என்னைப் போடவிடாமல் தடுத்தார்.

கடைசியில் விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக் கூட்டைத் திறந்தார். வடிந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. வடிகால் திருகின் காந்தத்தில் இரும்புத் துகள்கள் ஊசி ஊசியாக நின்றன. இந்தப் பல்சக்கரங்களின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. அதை முறையாகச் சூடேற்றாமல் பற்றவைத்தால், வேகமாகக் குளிரும்போது ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். எங்கள் கண்முன்னே இரண்டு ஒட்டுகளில் விரிசல் ஓடியிருந்தது. அதில் ஒரு துண்டு உடைந்து கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரங்கள் இரண்டும் இறுகி நின்றிருக்கும் என்றார். அன்றைய மழையிரவை நினைத்துக்கொண்டேன். அடுத்து எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பற்றவைத்ததை மீண்டும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் பல்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றலாம் என்றால், பல் இடைவெளியையும் பேரிங் இறுக்கத்தையும் புதிதாக அளந்து, ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை வைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எனவே முழு டிஃபரன்ஷியலையே தேடினோம். அதிலும் கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, என்ஜின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது, பொருந்த வேண்டும். 3.64 இருந்த இடத்தில் 4.10 போட்டால், அதே வேகத்துக்கு என்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். பல வாரங்கள் கார் ஸ்டாண்டின் மேலேயே நின்றது.

பொருத்தமான ஒன்று நேற்று வந்து சேர்ந்தது. பணம் கொடுப்பதற்கு முன் அதை மேசையில் வைக்கச் சொல்லி, மெக்கானிக்கைப் பினியனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சக்கரத்துக்குப் போகும் தண்டு இணையும் இடப்பக்க ஃபிளாஞ்சைக் கையால் சுற்றினேன். வலப்பக்கம் எதிர்த்திசையில் மெல்லச் சுழன்றது. விற்க வந்தவர் காத்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் மூன்று முறை சுற்றிப் பார்த்தேன்.