யுபா, ஜுப்பா, ஜூபா: ஒரே பெயர் இல்லை

தெற்கு சூடானின் தலைநகர் ஜூபா. சோமாலியாவில் ஓடும் ஆறு ஜூபா. ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்ற, வட ஆப்பிரிக்காவின் நுமீடிய அரசன் ஜூபா. அமெரிக்கப் பண்ணைகளில் அடிமைப்பட்ட மக்கள் ஆடிய ஆட்டமும் ஜூபா. இதையெல்லாம் அடுக்கி, "பார்த்தீர்களா, ஒரே வேர்" என்று முடிக்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. இவற்றுக்குப் பொதுவாக இருப்பது ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டுமே. குறில், நெடில், ஒற்று என்று நுணுக்கமாகப் பிரித்து எழுதத் தெரிந்த தமிழில், ஆங்கிலம் குழப்பியதை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையே இல்லை.

அரசர்களிடமிருந்து தொடங்குவோம். ரோமானியர்களிடம் 'ஜே' (J) என்ற எழுத்தே கிடையாது. அவர்கள் எழுதியது 'ஐ' (I). சொல் முதலில் உயிருக்கு முன்னால் வந்தால் அதை 'ய' என்றுதான் ஒலித்தார்கள். யூலியஸ் நமக்கு ஜூலியஸ் ஆனது எப்படியோ, அப்படித்தான் யுபாவும் ஜூபா ஆனார். முதலாம் யுபாவின் வெள்ளிக்காசைக் கையில் எடுத்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு பக்கம் சுருள் சுருளான தலைமுடியும் கூர்த்தாடியுமாக அரசனின் முகம், 'அரசன் யுபா' என்று லத்தீன் எழுத்து. மறுபக்கம் எட்டுத் தூண் கோயில், அதன் இருபுறமும் கார்த்தேஜ் மக்களின் மொழியான பியூனிக்கில் எழுத்து. பியூனிக்கில் பெயரின் முதல் எழுத்து 'யோத்', அதாவது ய. அரசன் தானே அடித்த காசில், இரண்டு மொழியில், தன் பெயரை யகரத்தில் தொடங்குகிறான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

யுபாவா, யூபாவா என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. லத்தீன் கவிஞர் ஹொராஸ், பாடல்களின் முதல் நூலில் 22ஆம் பாட்டில், சிங்கங்களைப் பெறும் வறண்ட நிலத்தை யுபாவின் நாடு என்கிறார். அந்தப் பாவகையில் கண்ணியின் முதல் மூன்று அடிகளுக்கும் தலா 11 ஒலியசை. இரண்டாவது அசை குறுகியே வர வேண்டும். பெயரின் முதல் அசை சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, குறில். யாப்பு தெரிந்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சீசரோடு முதலாம் யுபாவின் பகை பழையது. இளைஞனாக ரோமுக்குப் போனபோது, ஒரு வழக்கில் வாதாடிய சீசர் கோபத்தில் அவன் தாடியைப் பிடித்து இழுத்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதுகிறார். காசில் அந்தத் தாடியைப் பார்க்கும்போது இது ஞாபகம் வராமல் இருக்காது. கி.மு. 49இல் பக்ராதாஸ் ஆற்றங்கரையில் சீசரின் தளபதி கூரியோவின் படையை யுபாவின் படை அழித்தது. கி.மு. 46இல் தாப்சஸில் எல்லாம் கைவிட்டுப் போனது. சாமா நகரம் தன் அரசனுக்கே கதவைச் சாத்திவிட்டது. அவன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

கைக்குழந்தையாக இருந்த மகனை ரோமுக்குக் கொண்டுபோய் வெற்றி ஊர்வலத்தில் காட்டினார்கள். அங்கேயே வளர்ந்து படித்த இரண்டாம் யுபாவை கி.மு. 25இல் அகஸ்டஸ் மவுரித்தானியாவுக்கு அரசனாக்கினார். மனைவி கிளியோபாட்ரா செலினி, ஆண்டனிக்கும் எகிப்தின் கிளியோபாட்ராவுக்கும் பிறந்தவள். இங்கே இன்னொரு பெயர்ப் பொறி இருக்கிறது: அந்த மவுரித்தானியா இன்றைய மொரித்தானியா நாடு அல்ல. வடக்கு அல்ஜீரியாவும் மொராக்கோவும் சேர்ந்த நிலம் அது. அவன் தலைநகர் செசரேயா இன்று அல்ஜீரியக் கடற்கரையில் ஷெர்ஷெல்.

இரண்டாம் யுபா ஆண்டதைவிட எழுதியதால் அதிகம் நினைக்கப்பட வேண்டியவன். கிரேக்க மொழியில் வரலாறு, புவியியல், ஓவியம், நாடகம் என்று எழுதித் தள்ளினான். அட்லஸ் மலையில் கண்ட ஒரு செடிக்குத் தன் மருத்துவர் யூபோர்பஸின் பெயரை வைத்தான். அதன் பால் அவ்வளவு காரமாம். தூரத்தில் நின்று நீண்ட கழியால் கீறி, ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் பிடிப்பார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிக்கிறார். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு அந்தக் கழி ஏன் என்று புரியும். நம் வேலியோரச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் தாவரவியலில் யூபோர்பியா இனம்தான். ஆப்பிரிக்க அரசன் ஒருவனின் மருத்துவர் பெயரை நம் கள்ளிகள் சுமக்கின்றன. யுபாவோடு உண்மையான உறவு தேடுகிறவர்களுக்கு இது இருக்கிறதே!

நைல் பற்றியும் அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. நைல் மவுரித்தானியாவில், கடலுக்கு அருகில் உள்ள ஒரு மலையில் பிறக்கிறது என்றான். ஆதாரம்? அங்குள்ள ஏரியில் எகிப்தில் இருக்கும் அதே மீன்கள், அதே முதலை. ஒரு முதலையைக் கொண்டுவந்து செசரேயாவில் எகிப்தியத் தெய்வம் ஐசிஸின் கோயிலில் காணிக்கையாகவும் வைத்தான். இங்கே ஒரு முதலை, அங்கே ஒரு முதலை, ஆகவே ஒரே ஆறு! இங்கே ஒரு ஜூபா, அங்கே ஒரு ஜூபா, ஆகவே ஒரே வேர் என்கிற வாதமும் இதே முதலைதான். அவ்வளவு படித்த அரசனையே ஒற்றுமை ஏமாற்றியிருக்கிறது.

அவன் தேடிய நைலின் கரையில் இன்று ஜூபா என்று ஒரு நகரம் இருப்பது முழுக்கத் தற்செயல். அது அங்கு வாழும் பாரி இன மக்களின் ஊர்ப்பெயர். 1920களில் பிரிட்டிஷ் நிர்வாகம் மொங்கல்லாவிலிருந்து இங்கே இடம் மாறியது. கிரேக்க வணிகர்கள் கடைகளும் கல் வீடுகளும் கட்டினார்கள். கோஸ்தியிலிருந்து வரும் ஆற்றுக் கப்பல்களுக்கு இதுதான் கடைசித் துறை. 2011 ஜூலை 9 முதல் தலைநகர். அரபியில் நெடிலோடு எழுதுவார்கள், ஆகவே தமிழிலும் 'ஜூபா' சரி. 2016 ஜூலையில் இந்திய விமானப்படை நம்மவர்களை மீட்டு வந்தது இந்த ஊரிலிருந்துதான்.

சோமாலிய ஆறு வேறு. எத்தியோப்பியாவிலிருந்து வரும் கெனாலே, தாவா என்ற இரண்டு ஆறுகளும் எல்லையில் தோலோ அருகே கூடினால் அதற்கு ஜுப்பா என்று பெயர். கிஸ்மாயோவுக்குச் சற்று வடக்கே இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. ஜூபா நகரத்துக்கும் இதன் முகத்துவாரத்துக்கும் இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஜூபாலாந்து என்று செய்தி வந்தால் அது தெற்கு சூடான் அல்ல, இந்த ஆற்றங்கரை மாநிலம். செய்தி எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சோமாலியில் உகரம் குறில், பகரம் இரட்டை. தமிழில் 'ஜுப்பா' என்று எழுதினால் 'அப்பா'வில் வருவதுபோல் ஒலித்துவிடாதா என்று தயங்க வேண்டாம். 'ஜிப்பா' என்ற சொல்லை யாரும் அப்படிப் படிப்பதில்லை. மாநிலத்தையும் 'ஜுப்பாலாந்து' என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி ஆட்டம். மனதை அதிகம் தொடுவது இதுதான், அதிகம் திரிக்கப்படுவதும் இதுதான். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ எழுச்சி என்ற அடிமைகளின் கிளர்ச்சி. அடுத்த ஆண்டே சட்டம் போட்டு அடிமைகளிடமிருந்து பறையையும் கொம்பையும் பறித்தார்கள். தாளத்தைப் பறிக்க முடியவில்லை. உடம்பே கருவியானது. 12 ஆண்டு அடிமையாக இருந்து மீண்ட சாலமன் நார்த்தப் 1853இல் எழுதி வைத்த முறை இது: இரு கைகளாலும் முழங்காலில் அடி, பிறகு உள்ளங்கைகளைத் தட்டு, பிறகு ஒரு கையால் வலத் தோளில், மறு கையால் இடத் தோளில் அடி. இவ்வளவுக்கும் பாதம் தாளம் விடாமல் போட வேண்டும், வாய் பாட வேண்டும்.

இதிலிருந்து வந்த 'ஹாம்போன்' தட்டில் நுட்பம் தொடையில் இருக்கிறது. கை மேலே போகும்போது உள்ளங்கை தொடையை உரசி அடிக்கும், அடுத்து மார்பில் ஒன்று, இறங்கும்போது புறங்கையால் தொடையில் மூன்றாவது. மூன்றும் சம இடைவெளியில் விழ வேண்டும், நம் திஸ்ரம் போல. புதிதாகச் செய்கிறவர்களுக்குப் புறங்கை அடி தேய்ந்துபோய் மூன்று இரண்டாகிவிடும். காரணம், தோளிலிருந்து கையைத் தூக்குவது. முன்கை மட்டும் தளர்வாக ஆட வேண்டும். இன்னொரு கோளாறு, கை வேகம் எடுத்தவுடன் பாதமும் கூடவே ஓடுவது. பாதம் மாறாமல் நின்றால்தான் மேலே உள்ள அடிகள் குறுக்கே பாய்வது கேட்கும். முதலில் பாதத்தை மட்டும் பழகிவிட்டுக் கையைச் சேர்ப்பது நல்லது.

ஆடும் களத்தில் நடுவில் இருவர், சுற்றி மற்றவர்கள் இடஞ்சுழியாக. 1842இல் நியூயார்க்கில் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு கறுப்பின இளைஞனின் கால் வேகத்தைக் கண்டு வியந்து எழுதினார். அந்த இளைஞன் 'மாஸ்டர் ஜூபா' என்ற வில்லியம் ஹென்றி லேன் என்று கருதப்படுகிறது. இன்றைய டாப் நடனத்தின் முன்னோடிகளில் முதலில் சொல்ல வேண்டியவர். 1933இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியை சிகாகோ இசைக்குழு அரங்கேற்றியபோது அதன் மூன்றாம் பகுதி 'ஜூபா நடனம்'.

ஆட்டத்தின் பெயர் நுமீடிய அரசனின் நினைவு என்பதற்கு ஒரு துரும்பும் ஆதாரம் இல்லை. யுபாக்கள் வட ஆப்பிரிக்க அமாசிக் (பெர்பர்) வழியினர். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் மேற்கு, நடு ஆப்பிரிக்க மக்கள். இடையில் 17 நூற்றாண்டு. ஆய்வாளர்கள் பார்ப்பது கொங்கோ மொழிகளின் பக்கம். அடித்தல் என்ற பொருளில் அங்கே 'சுபா' போன்ற சொல் இருக்கிறது. இதுவே முடிந்த முடிவு அல்ல. ஆனால் கரீபியன் சாட்சியங்கள் அந்தத் திசையையே காட்டுகின்றன. ஹெய்த்தியில் ஜூபா ஆட்டத்துக்குப் பறையைத் தரையில் கிடத்தி, அதன் மேல் உட்கார்ந்து, குதிகாலால் தோலை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்குவார்கள். பின்னால் இன்னொருவர் பறையின் மர உடலில் குச்சியால் தட்டுவார். கியூபாவின் தும்பா பிரான்செசா ஆட்டத்திலும் போர்ட்டோ ரிக்கோவின் பொம்பா ஆட்டத்திலும் அதே பெயர் 'யுபா' என்று ஒலிக்கிறது. உடனே அரசனிடம் ஓட வேண்டாம்! அது ஸ்பானிய உச்சரிப்பின் வேலை, அழுத்தமும் கடைசி அசையில்.

மனிதப் பெயராக ஜூபா வந்தால் கதை மறுபடி மாறும். 18ஆம் நூற்றாண்டு ஜமைக்காவில் திங்கட்கிழமை பிறந்த ஆண் கட்ஜோ, பெண் ஜூபா. மேற்கு ஆப்பிரிக்க அகான் மக்களின் 'அட்வோவா'தான் அங்கே இப்படி ஆனது. பண்ணைப் பதிவேட்டில் பெண்ணுக்கு இந்தப் பெயர் இருந்தால் முதலில் திங்கட்கிழமையை நினையுங்கள். ஆணுக்கு இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சீசர், பாம்பி, கேட்டோ என்று ரோமானியப் பெயர்களை அடிமைகளுக்குச் சூட்டிய எசமானர்கள் நிறைய. நுமீடிய இளவரசன் ஜூபா பாத்திரமாக வரும் ஆங்கில எழுத்தாளர் அடிசனின் 1713ஆம் ஆண்டு நாடகமும் அமெரிக்கக் குடியேற்றங்களில் பெயர் பெற்றது. அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய அரசனின் நிழல் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் அதைச் சூட்டியது எசமானன்.