ஊசி வால்வு எல்லாப் பசைக்கும் பொருந்தாது

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் பசையிடும் எந்திரம் அமைக்கவிருக்கும் நண்பருக்கு, ‘ஊசி வால்வு (ஊசி போன்ற தண்டால் பசை வரும் துளையைத் திறந்து மூடும் வகை) ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், பசை கெட்டியாக இருந்தால் காற்றழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்’ என்று ஓர் அண்ணாச்சி எழுதியிருப்பது பாதிதான் சரி. நீர்த்த பசைக்கும் நடுத்தரப் பாகுநிலை கொண்ட பசைக்கும் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் சோலார் பலகையின் சட்டத்தில் இடும் சிலிக்கான் போன்ற களிம்புக்கு அழுத்தத்தை மட்டும் கூட்டினால், வால்வு மூடிய பிறகும் முனையில் பசை வாலாக நீண்டு தொங்கி அடுத்த சட்டத்தில் ஈஷிக்கொள்ளும். மூடும்போதே பசையைச் சற்றுப் பின்னிழுக்கும் ஸ்பூல் வால்வுதான் அங்கே ஏற்றது.

அழுத்தத்தால் தீராத சிக்கலும் உண்டு. திருகாணி கழலாமல் இருக்க இடும் அனரோபிக் பசை, காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் இறுகும் தன்மையது என்பதால், சாதாரண உலோக வால்வுக்குள்ளேயே அது இறுகி அடைத்துக்கொள்ளக்கூடும். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசை ஈரம் பட்டால் இறுகுவது; அதைத் தள்ளத் தரும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும், பசை தொடும் பாகங்களெல்லாம் தகுந்த பிளாஸ்டிக்கால் ஆன, வளையும் சவ்வால் திறந்து மூடும் டயாஃபிரம் வால்வே பாதுகாப்பு.

நேரத்தையும் அழுத்தத்தையும் வைத்து அளக்கும் வால்வு எதுவானாலும், காலையில் சரிசெய்த அளவு, நம்மூர்ச் சித்திரை வெயிலில் எபாக்சிப் பசை இளகும் நண்பகலில் கூடிவிடும். துல்லியம் தேவையென்றால், ஒவ்வொரு முறையும் குறித்த கனஅளவைத் தள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான்.