களைப்பாக இருப்பவர்தான் முதலில் நடக்க வேண்டும்

"ஆபீஸ் விட்டு வந்தாலே அடித்துப் போட்ட மாதிரி இருக்கு, இதில் எங்கே உடற்பயிற்சி?" உட்கார்ந்து வேலை பார்க்கும் பலரும் சொல்வது இதுதான். நாள் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பு எதைச் செய்து களைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நோய் எதுவும் இல்லாதவருக்கு அந்தச் சோர்வில் பெரும்பங்கு, உடம்பைப் புழங்காமல் வைத்திருப்பதால் வருவது.

2008இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். எப்போதும் சோர்வாக உணர்கிற, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 36 இளைஞர்கள். ஒரு குழு மிதமான வேகத்திலும், இன்னொரு குழு சாவகாசமாகவும் நிலைசைக்கிள் மிதித்தது. தடவைக்கு 20 நிமிடம், வாரம் 3 நாள், 6 வாரம். மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. மிதித்த இரு குழுவுக்கும் சுறுசுறுப்பு சுமார் 20 சதவீதம் கூடியது. சோர்வு குறைந்ததில்தான் சுவாரசியம்: மிதமாக மிதித்தவர்களுக்கு 49 சதவீதம், சாவகாசமாக மிதித்தவர்களுக்கு 65. சின்ன ஆய்வுதான். ஆனாலும் "வியர்த்துக் கொட்டினால்தான் பலன்" என்று முதல் நாளே ஆளைப் பிழிந்தெடுக்கும் பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உள்ளே நடப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் ஓரிரு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தம் தள்ளுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு குறைகிறது. அடுத்தது மெதுவானது. தசை செல்லுக்குள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும். 1967இல் ஜான் ஹொலோசி எலிகளை ஓடவிட்டு இதைக் காட்டினார். மனிதருக்கு இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பத்தாம் நாளில் "ஒண்ணும் தெரியலையே" என்று விடுகிறவர்கள் இந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

மதியம் 3 மணித் தூக்கத்துக்கு வருவோம். சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் உடலின் கடிகாரப்படி விழிப்பு லேசாகச் சரியும், அது இயல்பு. அதன்மேல் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு ஏறினால் கண் சொருகாமல் என்ன செய்யும்? சாப்பிட்ட அரை மணிக்குள் 10 முதல் 15 நிமிடம் நடங்கள். இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெயிலில் போக வேண்டியதில்லை, அலுவலக வராந்தா போதும். தூக்கத்தை விரட்ட 5 மணிக்குக் காபி குடித்தால், அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். அன்றைய தூக்கம் கெட்டு, மறுநாள் இன்னும் சோர்வு.

கவனத்துக்கு நேரத் தேர்வு முக்கியம். 20 நிமிட விறுவிறு நடையில் நார்அட்ரினலின், டோபமின் என்ற, விழிப்புக்கும் ஊக்கத்துக்குமான மூளை ரசாயனங்கள் கூடுவதாகக் கருதப்படுகிறது; அதையடுத்து வரும் கொஞ்ச நேரம் மூளை தெளிவாக இருக்கும். கணக்குப் பார்ப்பது, எழுதுவது, படிப்பது போன்ற கடினமான வேலையை அந்த இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் கரைத்துவிடாதீர்கள். நீண்டகாலப் பலனும் உண்டு: 2011இல் வெளியான ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்தார்கள். நினைவாற்றலுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் பெருத்தது. நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது.

எப்படித் தொடங்குவது? முதல் இரு வாரம் தினம் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 வரை. வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, குதிகால் உயர்த்துவது 15. இப்படி இரண்டு சுற்று. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள், அந்த இறக்கமும் தசைக்கு நல்ல வேலை. எட்டு நடை பற்றிக் கேட்பார்கள். எட்டு வடிவத்துக்கென்று தனி மகிமை இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் மொட்டை மாடியிலேயே நடந்துவிடலாம் என்பது பெரிய வசதி. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' நல்ல திட்டம்; அதன் 8 கிலோமீட்டர் நடைபாதை புதியவரின் முதல் நாள் அளவு கிடையாது. திடீரென்று தூரத்தைக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், அதோடு பலர் நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமான தவறு, நள்ளிரவு வரை போனைப் பார்த்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைத்து நடக்கப் போவது. தூக்கத்தில் திருடிய நேரத்தில் செய்யும் பயிற்சி சுறுசுறுப்பைத் தராது. அப்படிப்பட்டவர்கள் மாலையில் நடக்கட்டும்.

நெஞ்சு இறுக்கமோ, நடக்கும்போது தலைசுற்றலோ இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் நடை. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போகக் கூடாது, இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காக நடந்தும் அசதி குறையவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12, டிஎஸ்எச் (தைராய்டு), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி). பெண்கள் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத உடம்பை "சோம்பேறித்தனம், எழுந்து நட" என்று விரட்டுவது அநியாயம்.