வேகத்துக்காக ஆன்டிவைரஸை எடுத்துவிட வேண்டாம்

ஆன்டிவைரஸை நீக்கினால் கம்ப்யூட்டர் சீக்கிரம் திறக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் உண்மை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற கோப்புகளை ஆன்டிவைரஸ் சோதித்துவிட்டுத்தான் விடும். அதே நேரத்தில் மற்ற புரோகிராம்களும் முண்டியடிப்பதால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் தாமதம் பெரிதாகத் தெரியும்.

எங்கள் வீட்டு விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் பிரவுசர் திறக்கவே 4 நிமிடம் ஆனது. பார்த்தால், கடைக்காரர் போட்டுக் கொடுத்த, காலாவதியான ட்ரையல் ஆன்டிவைரஸ் ஒன்று, அப்பா வாங்கிப் போட்டது இன்னொன்று, இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன! இரண்டையும் நீக்கினேன். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸின் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் இல்லையென்றால் அதுவே பொறுப்பேற்றுக்கொள்ளும். நேரம் பாதியாகக் குறைந்தது. அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாற்றியதும் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பெரிய வித்தியாசம் அதில்தான்.

எதையும் நீக்கும் முன், ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில், தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியைத் தயவுசெய்து பாருங்கள். தொடங்கும்போது 1 விநாடிக்கு மேல் பிராசசர் நேரமோ 3 எம்.பி.க்கு மேல் டிஸ்க் வேலையோ எடுப்பவற்றுக்கு நேரே ‘ஹை’ என்று இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தவை வீடியோ கால் செயலியும் பிரிண்டர் புரோகிராமும்தான். இரண்டையும் அங்கேயே நிறுத்திவிட்டேன்.