டீச்சருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லாதீர்கள்

புற்றுநோயில் இறந்துபோன நம் டீச்சருக்காக வைத்த முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பிரதர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டுக்காரரும், "விடு, பேசினவரு பேசிட்டுப் போயிட்டாரு. நாம ஒரே சபையில முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றார். ஆனால் நேற்றிலிருந்து எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் அவர் பேசின வீடியோதான். கீழே வரிசையாக ஆமென். 'வல்லமையான செய்தி' என்று ஒருவர். 'கண்ணைத் திறந்த வார்த்தை' என்று இன்னொருவர். டீச்சரிடம் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த பிரதர் சொன்னது இதுதான்: "ஆஸ்பத்திரியை நம்பின அளவுக்கு ஆண்டவரை நம்பியிருந்தா இன்னைக்கு இந்தப் பந்தல் போட வேண்டியிருக்காது." முன்வரிசையில் டீச்சரின் கணவர். பக்கத்தில் பிள்ளைகள். அந்த மனிதர் தலையைத் தூக்கவே இல்லை. மடியில் கிடந்த பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை விரலால் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்குப் பின்னால் யாரோ 'அல்லேலூயா' என்றார்கள்.

அன்று ராத்திரி அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. மூத்தவள்தான். "அத்தை, அம்மா ஜெபிச்சது பத்தாதா?" என்று கேட்டாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. ஒவ்வொரு கீமோவுக்கும் அம்மாவோடு பஸ் ஏறிப்போய், வாந்தி எடுத்தால் பிடிக்க மடியில் கவரை வைத்துக்கொண்டே பாடம் படித்த பிள்ளை. இந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது யார்? அதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு செய்தியின் வல்லமையைப் பேசுவோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆண்டவரை நம்புவது என்றால், நாம் கேட்டதை அவர் தந்தே ஆகவேண்டும் என்று இருப்பதல்ல. தந்தாலும் தராவிட்டாலும் அவரை விடாமல் இருப்பது. டீச்சர் விடவில்லை. கடைசி வாரம் பேச்சு வராதபோதும், சபைப் போதகரான ஐயர் வந்து நற்கருணை கொடுத்தபோது வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். நான் அந்த அறையில் இருந்தேன். விசுவாசம் இல்லாதவர் செய்கிற காரியமா அது?

வேதத்தை எடுத்துத்தானே பேசினார், வேதத்துக்கே போவோம். தானியேல் மூன்றாம் அதிகாரம். அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர் ராஜாவிடம் என்ன சொன்னார்கள்? எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். நாம் அந்தப் பாதி வசனத்தை மட்டும் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோம். அடுத்து, 'விடுவிக்காமற்போனாலும்' என்று தொடங்குகிறார்கள். விடுவிக்காவிட்டாலும் உம்முடைய பொற்சிலையைப் பணியமாட்டோம் என்கிறார்கள். என் அறிவுக்கு எட்டியவரை அவர்களுடைய விசுவாசம் முழுசும் அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. விடுதலை கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தபின் தைரியமாக நிற்பதற்குப் பெரிய விசுவாசம் வேண்டியதில்லை.

எலிசா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். சூனேமியாளின் செத்த மகனை உயிரோடு எழுப்பிக் கொடுத்தவர். நாகமானின் குஷ்டம் அவர் வார்த்தையால் போனது. அதே எலிசா எப்படி இறந்தார்? இரண்டாம் இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், வியாதியாய்க் கிடந்து இறந்தார். பவுல் தன் சரீரத்தில் 'முள்' என்று சொன்ன பலவீனத்தை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் வேண்டினார், எடுக்கப்படவில்லை. 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில்தான் வந்தது. அதே பவுல் தன்னோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிக்காரனாகவே விட்டுவிட்டு வந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று ஒரு வரி சேர்த்து எழுதினாரா?

அதுவும் இந்தச் செய்தியைத் திருநெல்வேலிச் சீமையில் நின்று சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. களக்காட்டுக்குப் பக்கத்தில்தான் தோனாவூர். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பித் தன் நாட்டுக்குப் போகவே இல்லை. 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதிலிருந்து 1951-இல் கண்மூடும் வரை பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில். கிட்டத்தட்ட இருபது வருஷம். அவர் எடுத்து வளர்த்த அத்தனை பிள்ளைகளும் அவருக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். தோனாவூரில் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், அதற்குப் பரம சுகசாலை என்று பெயரும் வைத்தார்கள். ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தத் தெரியாதவர்கள் அவர்கள். நாம் சின்ன வயதில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து வந்த இடம் அது. இந்த பிரதர் அந்த அறைக்குள் போய் நின்று, "அம்மா, உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்வாரா?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தும் அந்த வேலை வேண்டாம் என்றிருந்த பெண், ஒரே ராத்திரியில் மூன்று கர்ப்பிணிகள் பெண் மருத்துவர் இல்லாமல் செத்துப்போனதைக் கண்டுதான் படிக்கப் போனார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1971-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அங்கேதான். அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு போய் இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் ஆகிவிட்டது. ஆண்டவர் அவரை எழுந்து நடக்க வைக்கவில்லை. அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நடக்க முடியாதவர்களுக்காகவே மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். சுகம் கிடைக்காத ஒருவரைக் கொண்டு எத்தனை பேரை ஆண்டவர் எழுந்து உட்கார வைத்திருக்கிறார்! மேடையில் இதைச் சொல்லிக் கேட்டதுண்டா?

என் அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். சிறுநீரகம் இரண்டும் போய் டயாலிசிஸில் இருந்தார்கள். அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவிடுவோம். காபியும் ரசமும்கூட அந்தக் கணக்கில்தான். சித்திரை மாதத்து ராத்திரியில் தாகம் தாங்காமல் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு படுப்பார்கள். இடது கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில், விரலை வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். காலையில் எழுந்ததும் அம்மா முதலில் அங்கே விரல் வைத்துப் பார்ப்பார்கள். அதிர்வு இருந்தால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார்கள். அதற்குப் பிறகுதான் பல் விளக்கப் போவார்கள்.

அந்த நாளில் ஒரு ஊழியர் வீட்டுக்கு வந்தார். இவர் இல்லை, வேறொருவர். எண்ணெய் பூசி ஜெபித்தார், சந்தோஷம். போகும்போது, "மறைச்சு வச்ச பாவம் ஏதும் இருந்தா அறிக்கை பண்ணிருங்கம்மா. அந்த மிஷினை விட்டுட்டு விசுவாசத்துல நடங்க" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா பதறவே இல்லை. "நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் இருக்கு பிரதர். நீங்களும் வாங்க. நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் போனபின் நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அம்மா சொன்னார்கள்: "ஏட்டி, ஆண்டவர் என்ன எனக்குக் கடன்பட்டவரா, வட்டி கேட்டு வாசல்ல நிக்கதுக்கு? அவரு கூட இருக்காரு. எனக்கு அது போதும்." அம்மா சுகமாகவில்லை. அந்த நம்பிக்கையோடேதான் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது கமெண்டில் வரப்போவது எனக்குத் தெரியும். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை அனுப்புவீர்கள். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும். நானும் அதை நம்புகிறேன், ஒரு எழுத்தையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள். வியாதிக்காரன் சபையின் மூப்பரை வரவழைக்க வேண்டும், மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். அங்கே ஜெபிக்கிறவர் மூப்பர். விசுவாசத்தைக் கணக்கெடுக்கத்தான் வேண்டும் என்றால், கட்டிலில் கிடந்தவளை விட்டுவிட்டு, சுற்றி நின்று ஜெபித்த நம்மிடமிருந்து ஆரம்பிப்போமா? திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினபோது இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார்? சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தை. படுத்துக் கிடந்தவனிடம், உனக்கு விசுவாசம் எவ்வளவு என்று அவர் விசாரிக்கவில்லை. தன் மகனுக்காக வந்த ஒரு தகப்பன், 'என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்' என்று அழுதான். அவனையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

அற்புதத்தையே நம்பாதவள் என்பீர்கள். நம்புகிறேன். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே, ஊழியரைக் குறை சொல்லாதே என்பீர்கள். அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகத்துக்கு முன்னால் எதிர்த்தார். அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

சபைக் காரியத்தை வெளியில் போட்டால் புறமதஸ்தர் சிரிப்பார்கள் என்று ஒரு அண்ணன் காலையிலேயே போனில் சொன்னார். அண்ணே, அந்தப் பந்தலில் டீச்சரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த இந்து டீச்சர்களும் முஸ்லிம் டீச்சர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர்தான் முந்தானையால் சின்னவனின் முகத்தைத் துடைத்துவிட்டு, "வாடா தம்பி" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். நம்மில் ஒருவரும் எழும்பவில்லை. சபையின் மானத்தை அன்றைக்கு யார் காப்பாற்றினார்கள் என்று அந்த அண்ணன் யோசிக்கட்டும்.

எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களை எனக்கு ஒருவகையில் பிடிக்கும். முதல் ஏழு நாளும் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 'உன் பாவம்தான் காரணம்' என்று நிரூபிக்க அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது யோபுவின் மேல் அல்ல, அவர்கள் மேல்தான். பிறவிக்குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்' என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு ஒரேயடியாக அந்தப் பேச்சை முடித்துவைத்தார். நாம் இத்தனை காலத்துக்குப் பிறகும் அதே கேள்வியை மைக்கில் கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாக இருக்கிறது. நம் சாட்சிக் கூட்டத்தில் யார் மேடை ஏறுகிறார்கள்? விசா கிடைத்தவர், வீடு கட்டி முடித்தவர், ஸ்கேனில் கட்டி மறைந்தவர். அவர்கள் ஏறட்டும், ஆண்டவர் செய்ததைச் சொல்லட்டும். ஆனால் மகன் வேலை கிடைக்காமல் இருக்கிற தாய், குழந்தை தங்காத தம்பதி, ஜெபித்தும் புருஷனைப் பறிகொடுத்தவள், இவர்கள் எல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, காணிக்கையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் திரும்ப வருகிறார்கள். கேட்டது கிடைக்காமலே திரும்பத் திரும்ப வந்து முழங்கால் போடுகிறவர்களிடம் இருக்கிற நம்பிக்கையை நாம் ஒருநாளும் நம்பிக்கை என்று மதித்ததில்லை. அந்தக் கடைசி பெஞ்ச் ஆட்கள் நேற்றைய வீடியோவைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? அடுத்த தடவை மார்பில் கட்டி தட்டுப்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசுவார்கள். இது என் கற்பனை இல்லை. 'விசுவாசக் குறைவுன்னு நினைப்பாங்க' என்று கட்டியை வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, முற்றின பிறகு வந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கை யாரிடம் கேட்பது?

அந்தப் பிள்ளைக்கு நான் போனில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், அவள் படிப்பாள். உன் அம்மா ஜெபித்தது போதும் மக்களே. கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வியர்வை ரத்தத் துளிகளாய் விழ ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. அவர் ஜெபம் பத்தவில்லை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். உன் அம்மாவைப் பற்றியும் சொல்லக்கூடாது.

ஐயரிடம் நேற்றே பேசிவிட்டேன். அடுத்த சாட்சிக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். "என்ன சாட்சிம்மா?" என்றார். எங்கம்மா சுகமாகாத சாட்சி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றார். டீச்சரின் கணவர் பேச விரும்பினால் என் ஐந்து நிமிடத்தையும் அவருக்கே கொடுத்துவிடுவேன்.