14 என்பது 800-ஐவிடச் சின்ன எண்

வியாழக்கிழமை இரவு எங்களுக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்: பேமென்ட் பக்கம் திணறியது, அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் பச்சை என்றது. மறுநாள் காலை கோபத்தில் நாலு வரி போட்டேன். அதற்கு வந்த கமென்ட்டுகளில் பாதி ஒரே கேள்வி: "ரிலீஸ் நோட்ஸ் படிக்கலையா?" புதுப் பதிப்போடு வரும் மாற்றக் குறிப்புகளைச் சொல்கிறார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இன்பாக்ஸில் கேட்க வேண்டாம். எங்கள் அப்ளிகேஷன் எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது, எங்கே திணறுகிறது என்று பார்த்துச் சொல்வதற்காக வருஷா வருஷம் பணம் கட்டி வைத்திருக்கும் கண்காணிப்பு மென்பொருள் அது. அதன் ஏஜென்ட், அதாவது தகவல் சேகரித்து அனுப்பும் சின்ன நிரல், ஒவ்வொரு சர்வரிலும் உட்கார்ந்திருக்கும். ஒரு ரிக்வெஸ்ட் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதுவரை மில்லி நொடியில் அனுப்பிக்கொண்டிருந்தது. புதுப் பதிப்பில் நொடியில் அனுப்புகிறது. அந்த மெட்ரிக்கின் (அளவீட்டின்) பெயர் மாறவில்லை, வரைபடமும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. எங்கள் அலர்ட், அதாவது எச்சரிக்கை மணி, "800-ஐத் தாண்டினால் அடி" என்று மில்லி நொடிக் கணக்கில் நாலு வருஷத்துக்கு முன் எழுதியது. வியாழன் இரவு பேமென்ட் பக்கம் 14 நொடி எடுத்துக்கொண்டது. பழைய கணக்கில் அது 14,000, ஊரையே எழுப்பியிருக்கும். புதுக் கணக்கில் வெறும் 14. 14 என்பது 800-ஐவிடச் சின்ன எண் அல்லவா? ஆகவே எல்லாம் நலம், எல்லாம் பச்சை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யாராவது ஒரு புண்ணியவான் பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டு 13 நிமிடம் 20 நொடிக்கு மேல் காத்திருந்தால்தான் எங்கள் அலர்ட் அடித்திருக்கும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். உடைவதென்றால் சத்தம் போட்டு உடையட்டும். மற்ற எந்த மென்பொருள் உடைந்தாலும் கண்காணிப்பு காட்டிக்கொடுக்கும். கண்காணிப்பே உடைந்தால் யார் காட்டிக்கொடுப்பது? எங்களுக்குக் கஸ்டமர் கேரிலிருந்து போன் வந்தது. ஒண்ணேமுக்கால் மணி நேரம் கழித்து.

அலகு மாறி ஏமாறுவது எனக்குப் புதிதும் இல்லை. அக்கா லண்டனில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்று கொண்டுவந்தாள். அவள் ஊருக்குத் திரும்பிய மறுவாரம் அப்பா அதில் பார்த்திருக்கிறார்: 11.2. நம் ஊரில் 70-க்குக் கீழே போனாலே சர்க்கரை இறங்கிவிட்டது என்று பதறுவோம். அப்பா அவசர அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து அம்மா வாயில் ஊற்றிவிட்டார். அம்மாவோ நிமிர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர். "எனக்கு ஒண்ணும் இல்லங்க"ன்னு சொல்லச் சொல்ல இரண்டாவது டம்ளர். இங்கிலாந்து மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும். 18-ஆல் பெருக்கினால்தான் நம் மில்லிகிராம் கணக்கு வரும். 11.2 என்றால் கிட்டத்தட்ட 202. அதாவது ஏறிக் கிடந்த சர்க்கரைக்கு மேல் இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர்.

திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அலகு போட்டிருந்தது. ரிலீஸ் நோட்ஸ் படிக்கலையா என்று கேட்பவர்கள் என் அப்பாவிடம் வந்து கேளுங்கள். அவருக்கு வயது 71.

சரி, அந்தக் கேள்விக்கே வருகிறேன். படித்தேன். முழுவதும் படித்தேன், என்ன, சனிக்கிழமை படித்தேன். "மேம்பாடுகள்" என்ற தலைப்பின் கீழே, ஐகான்களின் நிறம் மாறியதற்கும் தேடல் பெட்டி அகலமானதற்கும் நடுவில், நேர அளவீடுகளைத் தரப்படுத்தியிருப்பதாக ஒரு வரி. நொடி என்ற சொல்லே இல்லை. பதிப்பு எண்ணிலாவது தெரிந்ததா? 4.2.1 போன்ற பதிப்பு எண்ணில் முதல் எண் மாறினால் எதையோ உடைத்திருக்கிறார்கள், நடு எண் மாறினால் எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கும் ஒப்பந்தம். இவர்கள் மாற்றியது நடு எண்ணை. எங்களிடம் இதுபோல நாற்பது ஐம்பது கருவிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் நடு எண் மாறும்போதும் வரிவிடாமல் படிக்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஓர் ஆளை வையுங்கள், நானே விண்ணப்பம் போடுகிறேன். இரவு விழிப்பு இல்லாத வேலை.

அடுத்து ஒரு நண்பர், நல்ல மனிதர், "நொடிதான் சரியான அலகு, உலகமே அங்கேதான் போகிறது" என்று பாடம் எடுத்திருந்தார். தெரியும். புரொமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியைப் பழகிய யாருக்கும் நேரத்தை நொடியில்தான் வைக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. இதே மாற்றத்தை ஓப்பன்டெலிமெட்ரி எப்படிச் செய்தது என்று அவர் பார்த்தாரா? 2019-இல் ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திட்டங்கள் சேர்ந்து உருவான இலவசக் கண்காணிப்புத் திட்டம் அது. 2023 நவம்பரில் எச்டிடிபி (வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறை) தொடர்பான அளவீடுகளின் பெயர்களை இறுதி செய்தார்கள். 'எச்டிடிபி.மெத்தட்' என்பது 'எச்டிடிபி.ரிக்வெஸ்ட்.மெத்தட்' ஆனது. 'எச்டிடிபி.யுஆர்எல்' என்பது 'யுஆர்எல்.ஃபுல்' ஆனது. மில்லி நொடியில் இருந்த 'எச்டிடிபி.சர்வர்.டியூரேஷன்', நொடிக்கு மாறியபோது பெயரும் 'எச்டிடிபி.சர்வர்.ரிக்வெஸ்ட்.டியூரேஷன்' என்று மாறியது. கவனியுங்கள், அலகு மாறியபோது பெயரையும் மாற்றினார்கள். பழைய பெயரை நம்பியிருந்த வரைபடம் காலியாகத் தெரியும். காலி வரைபடம் எரிச்சல்தான், ஆனால் பொய் சொல்லாது. போதாததற்கு ஒரு சுவிட்சும் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் பழையதையும் புதியதையும் சேர்த்தே அனுப்பலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அலர்ட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றி, தைரியம் வந்த பிறகு பழையதை நிறுத்திக்கொள்ளலாம்.

அவர்களும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜனவரியில் வந்த அவர்களுடைய ஜாவா ஏஜென்ட் 2.0, தரவு அனுப்பும் இயல்பு வழியை ஜிஆர்பிசி என்ற முறையிலிருந்து எச்டிடிபிக்கு மாற்றியது. 4317 போர்ட்டை, அதாவது தரவு நுழையும் அந்த எண்ணுள்ள வாசலை, மட்டும் திறந்து வைத்திருந்தவர்களுக்குத் தரவு போய்ச் சேராது, ஏனென்றால் புது வழிக்கு 4318. அதே வருஷம், தரவை வாங்கிச் சேர்க்கும் அவர்களுடைய கலெக்டரின் 0.104 பதிப்பு, எல்லா முகவரியிலும் காது கொடுப்பதை விட்டுவிட்டு லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது தான் ஓடும் அதே கணினிக்குள், மட்டும் கேட்கத் தொடங்கியது. கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டுபவர்களுக்கு வெளியிலிருந்து வரும் தரவு கதவிலேயே நின்றுவிடும். ஆனால் முதலாவதில் முதல் எண் மாறியது. இரண்டாவதற்குப் பாதுகாப்புக் காரணம் இருந்தது, அதற்கு முந்தைய பல பதிப்புகளில் லாகில் (இயக்கப் பதிவில்) எச்சரிக்கையும் போட்டுக்கொண்டே வந்தார்கள். இரண்டிலும் தரவு வராமல் போகும், அதனால் மறுநாளாவது தெரிந்துவிடும். காசு வாங்காதவர்களுக்கு இருக்கும் அக்கறை, ஆண்டுச் சந்தா வாங்குபவர்களுக்கு இருக்கக் கூடாதா?

"அப்போ எதையும் மாற்றவே கூடாதா, பழசையே கட்டிக்கொண்டு அழணுமா?" என்று ஒருவர். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மாற்றுங்கள், பழையதைக் கழற்றி எறியுங்கள். வரைபடம் காட்டும் கிராஃபனா, ஆங்குலர் என்ற பழைய தொழில்நுட்பத்தில் எழுதிய ப்ளக்இன்களைக் (துணை நிரல்களைக்) கைவிட்டபோது முன்கூட்டியே அறிவித்து, 2024-இல் 11-ஆம் பதிப்பில் இயல்பாக அணைத்து வைத்து, 2025-இல் 12-ஆம் பதிப்பில் முழுவதுமாக எடுத்தார்கள். திட்டிக்கொண்டேதான் மாறினோம், ஆனால் மாறினோம். சத்தம் போட்டு உடைத்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

ஏஜென்ட்டின் எந்தப் பதிப்பை எடுப்பது என்ற இடத்தில் 'லேட்டஸ்ட்' (எப்போதும் புதியது) என்று டேக் வைத்திருந்தோம், தானாக அப்கிரேடு ஆகிவிட்டது, அது உங்கள் தவறுதானே என்று மூன்று பேர். ஆமாம். அடுத்து.

உண்மையில் என்னைத் தூங்கவிடாதது மென்பொருள் இல்லை. அன்றைக்கு ஆன்-காலில், அதாவது இரவுக் காவல் முறையில், இருந்தது எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண். எட்டு மாதம் ஆகிறது. மறுநாள் மீட்டிங்கில் பதினாலு பேர் முன்னால் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன பார்த்துட்டு இருந்த?" அவள் வரைபடங்கள் இருக்கும் டாஷ்போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணியிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள், யாரும் சொல்லாமலே. அத்தனையும் பச்சை. அதை அந்த மீட்டிங்கில் காட்டக்கூட அவளுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. மியூட்டில் இருந்த நானும் ஒரு நிமிடம் தாமதித்துத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே.

மென்பொருளை விற்ற வெண்டர் பக்கத்திலிருந்து வந்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "சார், டாக்குமென்ட்ல இருக்கு சார்." அவ்வளவுதான். அவர்களுக்கு அந்த வரி ஒரு காப்பீட்டுப் பத்திரம். எங்கள் மேலிடத்துக்கும் அது வசதியாகிவிட்டது, ஏனென்றால் சந்தாவைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டவர்களும் அதே அறையில்தான் இருந்தார்கள். மிச்சம் இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். எதுவும் ஆகாத இரவுகளுக்காக யாரும் எங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. பொங்கலன்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பானையைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

மீட்டிங் முடிந்ததும் அவள் தனியாக மெசேஜ் அனுப்பினாள். "அண்ணா, பச்சையா இருந்தாலும் இனிமே நானே சைட்டைத் திறந்து ஒரு தடவை பேமென்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?" லட்சக்கணக்கில் பணம் கட்டி வாங்கிய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் தன் கார்டிலிருந்து பத்து ரூபாய் கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? பண்ணும்மா என்றேன். நானும் பண்ணுகிறேன் என்றேன்.

கமென்ட்டில் மறுபடி 'லேட்டஸ்ட்' பற்றி எழுத வருபவர்களுக்கு: மாற்றிவிட்டோம். சனிக்கிழமை மத்தியானமே.